நான் பாஸ் போட்ட மஞ்சள்

மெஷினுக்கும் எனக்கும் தகராறு வந்தா நாந்தானுங்க ஜெயிப்பேன். பத்தொம்பது வருஷமா அப்படித்தான். திருப்பூர்ல துணி நெய்யறதுல இருந்து பெட்டி கட்டி வண்டி ஏத்தற வரைக்கும் எல்லாமே மெஷின் கைக்குப் போயிருச்சு. எங்கம்மா காலத்துல ஒரு கம்பெனியில முந்நூறு பேரு இருந்தாங்களாம். இப்ப எங்க சாயப்பட்டறையில மொத்தமே பதினோரு பேரு. அதுல ஆறு பேரு ஷேடு ரூம்ல. கலர் பாக்கற வேலை மட்டும் மனுசங்ககிட்டயே நின்னுக்கிச்சு. ஏன்னா மெஷின் நம்பரைத்தான் பாக்கும், துணியைப் பாக்காது.

ஷேடு பாக்கறதுன்னா பெரிய வித்தையெல்லாம் இல்லைங்க. துணி வாங்கற வெளிநாட்டுக்காரன், "இந்தக் கலர்தான் வேணும்"னு ஒரு துண்டுத் துணியில கையெழுத்துப் போட்டு அனுப்புவான். அதை நாங்க தாய்த்துண்டும்போம். கறுப்புக் காகிதத்துல சுத்தி பீரோவுல பூட்டி வெச்சிருப்போம். சாயத்துல இருந்து புதுத் துணி வந்ததும், வடக்குப் பாத்த ஜன்னலோரம் அதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும். ஒத்துப் போச்சுன்னா பாஸ். இல்லாட்டி ஃபெயில். மெஷின் சிவப்பு லைட்டு போட்டாலும் நான் பாஸ்னு சொன்னா லாரி கிளம்பிரும். இத்தனை வருஷத்துல நான் பாஸ் போட்ட துணி லாட் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை.

என்ற பேரு தாரணிகா. வயசு நாப்பத்தொண்ணு. கல்யாணம் பண்ணிக்கல. யாராச்சும் துருவித் துருவிக் கேட்டா "ஷேடு ஒத்து வரல"ன்னு சொல்லி வாயை அடைச்சிருவேன். எனக்குன்னு இருக்கறது தம்பி இனியனும் அவன் குடும்பமும்தான். இன்னிக்கு நான் நல்லாத்தான் இருக்கேன், அதை முன்னாடியே சொல்லிடறேன். கதையைக் கேட்டுட்டு யாரும் "ஐயோ பாவம்"னு உச்சுக் கொட்ட வேண்டியதில்லை.

ஆனா அந்தத் துளியைப் பத்திச் சொல்லியே ஆகணும்.

பத்து வருஷத்துக்கு முன்னாடி சாயம் விக்கற ஏஜென்ட் ஒருத்தன் சாம்பிள் பெட்டியோட சின்ன மருந்துக் குப்பி ஒண்ணையும் கொண்டாந்தான். "கண்ணுக்கு டானிக்குங்க்கா. நாக்குல ஒரு துளி. சாம்பல் கலர்ல உங்களுக்கு மூணு சாம்பல் தெரியும் பாருங்க"ன்னான். சிரிச்சுட்டே வாங்கிக்கிட்டோம். அவன் சொன்னது பொய்யில்லைங்க, அதுதான் வினையாப் போச்சு. காக்கி, கருநீலம், சாம்பல், இந்த மூணும்தான் எங்க வேலையில உயிரை எடுக்கற கலருங்க. துளி போட்டா ஒவ்வொரு நூலும் தனித்தனியா நின்னு பேரு சொல்ற மாதிரி இருக்கும். கூடவே செவுத்துக் கோடு மூச்சு விடும். துணி ரோல் மெல்ல ஆடும். நாங்க அதைப் பாத்துக் கெக்கெபிக்கென்னு சிரிப்போம். படிச்சவங்கதான், ஆறு பேரும். வேலைக்காகத்தான் போடறோம், போதைக்காகப் போடலைன்னு எங்களுக்கு நாங்களே நியாயம் சொல்லிக்கிட்டோம். மாசத்துக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சது வாரத்துக்கு ரெண்டாச்சு. நாலாவது வருஷம் காபி குடிக்கற மாதிரி தினமும் ஆயிப்போச்சு.

அந்த நாலாவது வருஷத்துல ஒரு நாள் காலையில பதினோரு மணி இருக்கும். என்ற பக்கத்து மேசை பிரணவ், எப்பவும் போடற அதே துளியைத்தான் போட்டான். அந்தக் குப்பி புதுசு. அதுல என்ன கலந்திருந்ததோ, எவ்வளவு கலந்திருந்ததோ, அந்த ஏஜென்டுக்கே வெளிச்சம். அரை மணி நேரத்துல பிரணவ்க்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. கண்ணுமணி விரிஞ்சு கறுப்பு மட்டுந்தான் தெரியுது. நெஞ்சுல கை வெச்சா அடிக்கற அடியில என் கையே தூக்கிப் போடுது. "துணியெல்லாம் என்னைச் சுத்துது, என்னைச் சுத்துது"ன்னு கத்திட்டே ஓடி, லாரி நிக்கற மேடையில இருந்து கீழ விழுந்துட்டான். தொடையெலும்பு ரெண்டாப் போச்சு. கால் மூணு மாசத்துல கூடிருச்சு. பயம் கூடலைங்க. ரெண்டு வருஷம் வைத்தியம் பாத்ததுக்கு அப்புறந்தான் வீட்டு வாசலையே தாண்டினான். அவங்க தாத்தாவுக்கு மனக்கோளாறு இருந்திருக்கு. அப்படிப்பட்ட குடும்பத்துக்காரங்க இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கக் கூடாதாம். அதெல்லாம் எங்களுக்கு யாரு சொன்னா? நாங்கதான் யாருகிட்டக் கேட்டோம்?

அன்னிக்கே என்ற குப்பியைச் சாக்கடையில ஊத்திட்டேன். அதுக்கப்புறம் தொட்டதில்லை. ஆனாலும் வெளிச்சம் நகர்ந்தா பின்னாடி ஒரு வால் தெரியும். வெறும் செவுத்தைப் பாத்தா பொடிப்பொடியா ஏதோ நெளியும். கண்ணு அசந்து போச்சுன்னு விட்டுட்டேன். விட்டாச்சு, தப்பிச்சாச்சுன்னு மூணு வருஷம் மெதப்புல திரிஞ்சேனுங்க.

அப்பத்தான் தம்பிக்குப் பையன் பொறந்தான்.

தம்பி சம்சாரம் ரித்திகா திருச்சிப் பொண்ணு. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அவங்கம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்ததால பிரசவத்தை நாங்களே திருப்பூர்ல பாத்துக்கிட்டோம், நானும் உதவிக்குத் தம்பி வீட்டுல வந்து தங்கியிருந்தேன். ஆஸ்பத்திரியில அடுத்த நாளே அனுப்பிட்டாங்க. அனுப்பும்போது குழந்தை பாதத்துல மெல்லிசா ஒரு பட்டையை மாட்டிவிட்டாங்க. ஒடம்புல மஞ்சள், அதாங்க காமாலை, கூடுதான்னு அது பாத்துக்கிட்டே இருக்குமாம். கூடினா சிவப்பு லைட்டு எரியும்.

நாலாம் நாள் காலையில லைட்டு எரிஞ்சுது.

ரித்திகா பதறிட்டா. "அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

எனக்கு வந்துச்சே ஒரு கோபம். மஞ்சளைப் பத்தி ஒரு பட்டை எனக்குச் சொல்லித் தருதா? தினமும் மெஷின் சிவப்புப் போடறதும் நான் பச்சை போடறதும்தானே என்ற பொழப்பு? குழந்தையை வாங்கி ஜன்னலோரம் கொண்டு போனேன். நெத்தியில விரலை வெச்சு அமுக்கி எடுத்துப் பாத்தேன். ரோசாப்பூ மாதிரி இருந்தான். சாமி சத்தியமா எனக்கு அப்படித்தானுங்க தெரிஞ்சுது.

"மஞ்சளாவது ஒண்ணாவது. பாஸ்!"னு சொல்லிட்டு அந்தப் பட்டையைக் கழட்டி மேசை டிராயர்ல போட்டுட்டேன்.

தம்பி அப்பவே நிம்மதியாயிட்டான். "அக்கா பாத்துட்டாங்கல்ல, அப்புறம் என்ன ரித்தி? ஊரே இவங்க கண்ணை நம்பித் துணி வாங்குது"ன்னு சொல்லிட்டு வேலைக்குக் கிளம்பிட்டான்.

மத்தியானம் வரைக்கும் ரித்திகா பையன் பக்கத்துலயே உக்காந்திருந்தா. பையன் பால் குடிக்கல. எழுப்பினாலும் எழுந்திருக்கல, துவண்டு துவண்டு தூங்கறான். பச்சைக் குழந்தைன்னா தூங்காம என்ன பண்ணும்னு நான் அதுக்கும் ஒரு பதிலை வெச்சிருந்தேன்.

ரெண்டு மணிக்கு அவ குழந்தையைத் தூக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னா.

"அண்ணி, ஒரு சந்தேகம். நீங்க கம்பெனியில துணியை எப்படிப் பாப்பீங்க?"

"தாய்த்துண்டைப் பக்கத்துல வெச்சுப் பாப்பேன். ஏன் கண்ணு?"

"இவனுக்கு எதைப் பக்கத்துல வெச்சுப் பாத்தீங்க?"

அத்தனை வருஷத்துல இப்படி ஒரு கேள்வியை என்னை யாரும் கேட்டதில்லை.

அவளே என்ற கைப்பையைத் திறந்தா. ஆர்டர் முடிஞ்சு போன வெள்ளை பனியன் துணியோட தாய்த்துண்டு ஒண்ணு அதுல எப்பவும் கிடக்கும். அதை எடுத்து என் கையில குடுத்தா. "தோல் வேண்டாம். ஆளுக்கு ஆள் மாறும். கண்ணுல இருக்கற வெள்ளையைப் பாருங்க. வெள்ளை எல்லாருக்கும் வெள்ளைதானே?"

ஜன்னலோரம் உக்காந்து பையனோட கண்ணிமையை மெல்ல விரிச்சு, பக்கத்துல துண்டை வெச்சேன்.

ஃபெயில். சந்தேகமே இல்லாத ஃபெயில். அந்தக் கண்ணு மாதிரி ஒரு லாட் வந்திருந்தா மொத்தத்தையும் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் ரித்திகா மூஞ்சியை நான் நிமிந்து பாக்கல.

குழந்தையை ரெண்டு நாள் நீல வெளிச்சத்துக்கு அடியில வெச்சிருந்தாங்க. "நல்ல வேளை வந்தீங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூளைக்கு ஏறியிருக்கும். காது போயிருக்கும், இல்லாட்டி அதைவிட மோசம்"னாங்க டாக்டர் நஸ்ரின். அவங்க கோயமுத்தூர்க்காரங்க. அதட்டாமப் பேசுவாங்க. என் பக்கம் திரும்பி, "நீங்க ஷேடு மாஸ்டர்னு தம்பி சொன்னாருங்க. இவ்வளவு மஞ்சளை நீங்க எப்படிங்க விட்டீங்க?"ன்னு கேட்டாங்க.

அதையேதானே நானும் ரெண்டு நாளா என்னையே கேட்டுட்டு இருக்கேன்.

அவங்க ஆஸ்பத்திரியில கண்பதிவுன்னு ஒரு மெஷின் புதுசா வந்திருந்துச்சு. தொப்பி மாதிரி ஒண்ணைத் தலையில மாட்டுவாங்க. நம்ம கண்ணு பாக்கறது மூளையில எப்படிப் பதியுதோ, அதை அப்படியே எதிர்ச் செவுத்துல படமா ஓட்டும். ஒருத்தருக்குத் தெரியறதை இன்னொருத்தர் பாக்கலாம். என்னை உக்கார வெச்சு மாட்டினாங்க. தம்பி கேன்டீனுக்குப் போயிருந்தான். ரித்திகா என் பின்னாடி நின்னுட்டு இருந்தா.

டாக்டர் என் கையில ஒரு போட்டோவைக் குடுத்தாங்க. பையனை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப எடுத்தது. "இதைப் பாத்துட்டே இருங்க"ன்னாங்க.

நான் போட்டோவைப் பாத்தேன். அவங்க ரெண்டு பேரும் செவுத்தைப் பாத்தாங்க.

ரித்திகா "ஐயோ"ன்னா.

திரும்பிப் பாத்தா அவ கண்ணுல தண்ணி. "அண்ணி, உங்களுக்கு இவன் இப்படியா தெரிஞ்சான்? நல்லா இருக்கானே! ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கானே!"

"அவங்க பொய் சொல்லலைங்க"ன்னாங்க டாக்டர். "அவங்க கண்ணு மஞ்சளைக் கழிச்சுட்டுத்தான் காட்டுது. கழிச்சா மிச்சம் நல்ல குழந்தையோட நிறம் வருது." அப்புறம் செவுத்துல ஓரமா நெளியற பொடியையும், என் கை அசைஞ்சப்ப பின்னாடியே வந்த வாலையும் காட்டினாங்க. "இது பிறவிக் கோளாறு இல்லை. வயசுல வர்றதும் இல்லை. நீங்க ஏதாச்சும் போட்டுட்டு இருந்தீங்களாங்க?"

இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பத்தான் ரித்திகா எனக்காக அழுதுட்டு இருந்தா. அந்த ஒரு பொய்யில தப்பிச்சிருக்கலாம். ஆனா அந்த வெள்ளைத் துண்டை அவ திரும்ப வாங்கிக் கையிலயே வெச்சிருந்தாளுங்க. சொல்லிட்டேன். நாலு வருஷம் போட்டதை, கடைசியில தினமும் ஆனதை, எல்லாத்தையும்.

"விட்டு மூணு வருஷம் ஆச்சுங்களே டாக்டர்?"

"நீங்க விட்டுட்டீங்க. அது உங்களை விடலை. இந்த மாதிரி மாயம் காட்டற மருந்தெல்லாம் அப்படித்தான். சிலருக்கு எத்தனையோ தடவை போட்டும் ஒண்ணும் ஆகாது. சிலருக்கு ஒரு தடவையிலயே பார்வை மாறி அப்படியே நின்னுரும். யாருக்கு ஆகும்னு முன்னாடியே சொல்ல எந்த மெஷினும் இல்லைங்க. குப்பியில என்ன இருக்குன்னும் தெரியாது, எவ்வளவு இருக்குன்னும் தெரியாது. உங்க கூட வேலை செஞ்சவர் விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டார், அது வெளிய தெரிஞ்சுது. உங்களுக்கு உள்ளுக்குள்ள ஒடிஞ்சிருக்கு."

"வேலையில எனக்கு ஒரு தப்புகூட வரலைங்களே?"

"எப்படி வரும்? துணி, துண்டு ரெண்டுலயும் உங்க கண்ணு ஒரே அளவு மஞ்சளைக் கழிக்குது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கற வரைக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது."

ரித்திகா துண்டை என் மடியில வெச்சுட்டு வெளிய போயிட்டா.

பையன் தேறிட்டான். என்னைத்தான் வீட்டுல தேறாத கேஸ் மாதிரி ஆக்கிட்டாங்க. ஆக்கினதும் நியாயந்தான். தம்பி பேசினான், சுருக்கமாப் பேசினான். ரித்திகா பேசவே இல்லை. நான் தூக்கலாம்னு கை நீட்டினா குழந்தையை வேற பக்கமாத் திருப்பிக்குவா. அந்த ஒரு மாசமும் எனக்குச் சோறு எறங்கலைங்க.

சும்மா இருக்க முடியாம எங்க ஓனர்கிட்டப் போய் உண்மையைச் சொல்லிட்டேன். அவரு தலையைச் சொறிஞ்சாரு. "லாட் எதுவும் திரும்பி வரலையே தாரணிகா. இதை ஏம்மா வெளிய கிளப்பற?"

"நம்மாளுங்க வண்டி ஓட்டறாங்க, வீட்டுல குழந்தை குட்டி வெச்சிருக்காங்க. அதுக்கெல்லாம் பக்கத்துல தாய்த்துண்டு இருக்காதுங்க"ன்னேன்.

அப்புறம் பிரணவையும் சேத்து மத்த அஞ்சு பேரையும் கண்பதிவுக்கு அனுப்பினாரு. மூணு பேருக்கு என்னை மாதிரியே. அதுல ஒருத்தன் மூணு வருஷமா வீட்டுல மஞ்சள் பாரிச்சுக் கெட்டுப்போன தயிரை வெள்ளைன்னு சாப்பிட்டுட்டு வயித்து வலின்னு சொல்லிட்டு இருந்திருக்கான். இப்ப எங்க ரூம்ல புதுச் சட்டம். மெஷின் சிவப்புப் போட்டா, நாங்க எதிர்த்துச் சொல்லணும்னா, சோதனையில தேறின ரெண்டு பேரும் பாத்துட்டுத்தான் சொல்லணும். எனக்கு வேலை போகலை. பக்கத்துல வெச்சுப் பாக்கறதுல இன்னிக்கும் என்னை அடிச்சுக்க ஆளில்லை. வாழைப்பழம் வாங்கி வரத்தான் என்னை அனுப்பமாட்டாங்க.

பேரு வெக்கற நாளும் வந்துச்சு. எங்க பக்கம் அத்தைதான் குழந்தையைத் தொட்டில்ல போட்டு, சர்க்கரைத் தண்ணியை நாக்குல தொட்டு வெச்சு, காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும். எனக்கு அந்த ஆசையே இருக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டு, பந்திக்கு இலை போடற பக்கம் போய் நின்னுக்கிட்டேன். திருச்சியில இருந்து அவங்க சொந்தமெல்லாம் வந்திருந்தாங்க. அவங்க சித்தி ஒருத்தங்க கிண்ணத்தைக் கையில எடுத்துட்டாங்க.

"சித்தி, இருங்க"ன்னு ரித்திகா குரல் கேட்டுச்சு. "அண்ணி! அங்க என்ன பண்றீங்க? இங்க வாங்க."

எல்லாரும் பாக்கறாங்க. நான் இலையைக் கையில வெச்சுக்கிட்டே போனேன்.

"எனக்கு இன்னும் கோபம் போகலை அண்ணி"ன்னு மெதுவாச் சொன்னா. "ஆனா டாக்டர் கேட்டப்ப நீங்க பொய் சொல்லியிருந்தா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. அதை நினைச்சுத்தான் கூப்பிடறேன். பேரைச் சொல்லுங்க."

குழந்தையை என் கையில குடுத்தா. மூணு தடவை சொல்லணும்ல, நான் அழுத அழுகையில அஞ்சாறு தடவை சொல்லிட்டேனாம். இளம்பரிதி, இளம்பரிதின்னு. வீட்டுல பரிதின்னு கூப்பிடுவோம்.

சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் ரித்திகா ஒரு கவரைக் கொண்டாந்து குடுத்தா. பிரிச்சா அந்த ஆஸ்பத்திரி போட்டோ. எனக்குக் கையைச் சுட்ட மாதிரி ஆயிருச்சு.

"இதை ஏன் கண்ணு எனக்கு?"

"நானே இதைப் பாக்கமாட்டேன் அண்ணி. எனக்கு மஞ்சள் மஞ்சளாத் தெரியும், அந்த நாள்தான் ஞாபகம் வரும். ஆனா உங்களுக்கு அப்படித் தெரியாதுல்ல? டாக்டர்கிட்டக் கேட்டேன். இன்னிக்கு எங்க எல்லாருக்கும் பரிதி என்ன நிறத்துல தெரியறானோ, அந்த நிறம் உங்களுக்கு இந்தப் படத்துல மட்டுந்தான் தெரியுமாம். அவனை நேர்ல பாத்தாலும் உங்களுக்கு வேற மாதிரிதானே? அவன் நிஜமா எப்படி இருக்கான்னு நீங்க பாக்காமலே போயிடக் கூடாதுன்னு பிரிண்ட் போட்டேன்."

நான் ஜன்னலோரம் போய் அந்தப் படத்தைப் பாத்தேனுங்க. என்ன அழகு! ரோசாப்பூ நிறம்.

இப்ப அது எங்க ஷேடு ரூம் பீரோவுல கறுப்புக் காகிதத்துக்குள்ள இருக்கு. புதுசா வர்றவங்க அதைப் பிரிச்சுப் பாத்துட்டு "ஐயோ, குழந்தைக்கு என்னங்க்கா ஆச்சு?"ம்பாங்க. துளியைப் பத்தி அவங்களுக்கு நான் கதை சொல்ல ஆரம்பிக்கறதே அங்கிருந்துதான்.

ஞாயித்துக்கிழமை ஆனா படத்தை எடுத்துட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிருவேன். பரிதிக்கு இப்ப ரெண்டரை வயசு. ஒரு இடத்துல நிக்கமாட்டான். ஒரு முறுக்கைக் குடுத்து ஜன்னலோரம் நிக்க வெச்சு, அவன் கன்னத்துக்குப் பக்கத்துல படத்தை வெச்சுப் பாப்பேன். என்ற கண்ணுக்கு அவன் வெளுத்துத் தெரிவான், படம் நல்லாத் தெரியும். ரெண்டும் ஒத்துப் போகாது. ஒத்துப் போச்சுன்னா அவனுக்கு மறுபடி மஞ்சள் ஏறியிருக்குன்னு அர்த்தம், அப்பத்தானுங்க பயப்படணும். இத்தனை வருஷத்துல, ஒத்துப் போகாம இருந்தா நான் சந்தோஷப்படற தாய்த்துண்டு இது ஒண்ணுதான்.

"ஒத்துப் போகல ரித்திகா!"ன்னு சமையல்கட்டுக்குக் கேக்கற மாதிரி கத்துவேன்.

"அப்ப பாஸா அண்ணி?"ன்னு அவ அங்கிருந்து கேப்பா.

"நீ வந்து பாத்துட்டுச் சொல்லு கண்ணு"ம்பேன்.